பனியனில் இருந்த படிப்பு

திருப்பூரில் திட்டுவதற்குக்கூட மரியாதை வைக்கிறார்கள். நான் கழுத்துப்பட்டியைக் கோணலாகத் தைத்துவிட்டால் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, இப்படித் தெச்சா எப்படீங்க?" என்பார். நம் விளாத்திகுளம் பக்கம் பாசமாகக் கூப்பிடுவதே இதைவிடக் காரமாக இருக்கும். வந்து பத்து வருஷமாகியும், யாராவது 'ங்க' போட்டால் என்ன தப்புச் செய்தேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்காக இதை நான் சொல்லச் சொல்ல, ஏழாவது படிக்கும் மகள் மாரி எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது, பொய் இருந்தால் என்னுடையது.

அவளை ஒன்றாவதில் சேர்க்கப் போன கதை இது. முதலாளி வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இங்கிலீஷ் பள்ளியிலேயே சேர்க்க வேண்டும் என்று எனக்கும் என் மனைவி புஷ்பத்துக்கும் ஆசை. அப்பா அம்மா இருவரும் நேரில் வரச் சொன்னார்கள். மாரி ஒரு மாதம் உட்கார்ந்து ஏ, பி, சி, டி மனப்பாடம் செய்தாள். என் பங்குக்கு இருப்பதிலேயே நல்ல பனியனைப் போட்டுக்கொண்டேன்; டீ-ஷர்ட்டுக்கும் இங்கே பனியன் என்றுதான் பேர். எக்ஸ்போர்ட் ஆர்டரில் சின்னக் கோளாறு உள்ளதைச் செகண்ட்ஸ் என்று ஒதுக்கி எங்களுக்கே தந்துவிடுவார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் நெஞ்சில் என்னவோ எழுதியிருக்கும். யாரும் வாசிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் வாசித்துவிட்டார்கள்.

என் நெஞ்சில் இருந்தது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயராம், சிங்கம் போட்ட முத்திரையோடு. தலைமை ஆசிரியைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க, நீங்க அங்கயா படிச்சீங்க?"

"இல்லீங்க டீச்சர், நான் தச்சது. கழுத்து கோணிப்போச்சுன்னு எனக்கே குடுத்துட்டாங்க."

புஷ்பம் தொடையில் கிள்ளினாள். எதுவரை படித்தேன் என்று அடுத்த கேள்வி. ரெண்டாவதில் பாதி, மீதிப் பாதி ஆடு மேய்த்தேன் என்றேன். அவரும் சிரித்தார். அப்புறம்தான் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பாவுக்கு ஊட்டுல யாருங்க சொல்லித் தருவாங்க?"

"சொல்லித் தரத்தான டீச்சர் இங்க கூட்டியாந்துருக்கோம்."

வாழ்க்கையில் நான் நக்கல் இல்லாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது. அதற்குத்தான் அவர் சிரிப்பு நின்றது. இடமெல்லாம் நிறைந்துவிட்டதென்று அத்தனை 'ங்க' போட்டுச் சொன்னார். கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் எங்களைத் துரத்திவிட்டார்கள் என்பதே எனக்கு உறைத்தது. மாரியிடம் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று முனகிக்கொண்டே வந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். கம்பெனிக்குப் புது டெய்லர் வந்தால் ஒரு பீஸ் தைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அவன் அப்பனுக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் அப்பனை மெஷினில் உட்கார வைக்கிறார்கள்? வீட்டில் படிப்பு இருக்கிற பிள்ளைக்குத்தான் படிப்பு என்றால், அது சாப்பிட்டு வந்தவனுக்கு மட்டும் இலை போடுகிற பந்தி இல்லையா? நம் ஊர் மட்டும் ஒழுங்கா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லைதான். நான் மேய்த்தது எங்கள் வாத்தியார் வீட்டு ஆடு. வகுப்பிலிருந்து என்னை மட்டும் பொறுக்கி அனுப்பியவர் அவர். ஏன் என்னை என்று எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரியும். அதை டீச்சரிடம் நான் சொல்லவில்லை.

கடைசியில் மாநகராட்சிப் பள்ளிக்குப் போனோம். அங்கே பாதிப் பிள்ளைகள் நம் பக்கத்தவை. அந்த டீச்சர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து, "கண்ணு, உம் பேரென்ன?" என்றார். மாரி மூச்சு விடாமல் ஏ முதல் இசட் வரை ஒப்பித்துவிட்டாள். இசட் வரும்வரை டீச்சர் குனிந்தபடியே நின்றார். "செரி கண்ணு, இப்பப் பேரச் சொல்லு" என்றார்.

அந்தப் பனியன் இன்னும் கிழியவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் போடுகிறேன், உள்புறம் வெளியே தெரியும்படி. திருப்பூர் பஸ் ஸ்டாண்டில், "ஏனுங்க, பனியனத் திருப்பிப் போட்டிருக்கறீங்க" என்பார்கள். விளாத்திகுளத்தில் இறங்கினால், "ஏலே கோட்டிக்காரா, சட்டையத் திருப்பிப் போட்டுருக்க" என்பீர்கள். இரண்டு ஊரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான். நான் மாற்றுவதில்லை. சிங்கம் உள்ளே நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கட்டும். என் தையல் வெளியே தெரியட்டும், கோணலாகவே.