எதிர்ப்பக்கம் பறந்த சட்டை

“அந்த ஊட்டுல நான் ஒரு நாளும் குடியிருக்க மாட்டன் மாமி!”

“அப்ப ஏன் பொண் கேட்டு வந்த நீ? ஊட்டப் பாத்துத்தானே வந்த?”

“ஹிமாயாவப் பாத்து வந்தன். மதிலுக்கு அங்கால ரெண்டு டொன் அமோனியா இரிக்கி. அதுக்கு நான்தான் பாதுகாப்பு ஒபிசர். எனக்குத் தெரியாதா?”

“ஒபிசரே பயந்தா உனக்கு எதுக்குச் சம்பளம் தாறாங்க?”

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. நான் வாசலில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரே மீனை மூன்று தரம் உரித்தேன்.

சத்தம் போட்டது ஸுஹைறா. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேற வேண்டும். பத்து வருடம் குவைத்தில் அடுப்படி வேலை செய்து, கடற்கரை ஐஸ் பெக்டரியின் மேற்கு மதிலோடு ஒட்டிய வளவை மலிவாக வாங்கி, மகள் ஹிமாயாவுக்கு வீடு கட்டினாள் அவள். பார்த்த மாப்பிள்ளை ஸஜாத்தோ அந்தப் பெக்டரியிலேயே பாதுகாப்பு ஒபிசர். வீட்டை மாற்றாவிட்டால் கலியாணம் இல்லை என்று நின்றான்.

இனி நான் எழுதப்போவதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. மற்ற நாட்களில் கூட்டுவேன், ஒப்புக்கொள்கிறேன். இது நடந்தபடியே எழுதுவது. பேய்க் கதைக்கு இருட்டு வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 2023 ஜூலை, ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நேரம்.

ஜும்ஆத் தொழுகை நேரத்தில் எங்கள் ஊரில் ஆண் வாடையே இருக்காது, எல்லாரும் பள்ளிவாசலில். கடை பூட்டு, பெக்டரியும் பூட்டு. உள்ளே ஓர் ஆளை நிறுத்தச் சொல்லி ஸஜாத் முதலாளிக்கு மூன்று கடிதம் எழுதினான். பதில் வரவில்லை. வாயு கசிந்தால் கத்தும் சைரன் ஒரு தரம் குத்பாப் பிரசங்கத்துக்கு நடுவில் கத்திவிட்டதாம். முதலாளி அதன் வயரையே கழற்றிவிட்டார். பாவம் ஸஜாத், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்த் திரிந்தான். அவனால் முடிந்தது, பெக்டரி முற்றத்தில் ஒரு கம்பத்தை நட்டு அதில் செம்மஞ்சள் துணி கட்டியதுதான். எங்களைக் கூட்டிவைத்துப் பாடமும் எடுத்தான்.

“துணி கடல் பக்கம் பறந்தா, வாயுவும் கடலுக்குப் போகும். நீங்க கதவச் சாத்திட்டு ஊட்டுக்குள்ளேயே இருங்க.”

நாங்கள் சிரித்தோம். ஹிமாயா மட்டும் அதைப் பாடமாக்கினாள்.

அன்று கச்சான் காற்று. மேற்கேயிருந்து கடலை நோக்கி அடுப்புப் போல அடித்தது. 12.38க்கு மதிலுக்கு அப்பால் ‘ஸ்ஸ்ஸ்...’ என்று ஒரு சத்தம். எனக்குச் சத்தம் கேட்டால் போதும். முழங்கால் நோவோடு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

குழாய் ஒன்றிலிருந்து வெள்ளைப் புகை. தரையோடு தவழ்ந்து கடல் பக்கம் போனது. துணியும் கடல் பக்கம் பறந்தது. ஸஜாத்தின் பாடப்படி எங்களுக்கு ஒன்றுமில்லை. இறங்கப் பார்த்தேன்.

கம்பத்துக்குக் கீழே ஒரு ஆள் நின்றான்.

நீலச் சட்டை. வாயைச் சுற்றி ஈரத் துணி. இடுப்புச் சரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆளை நிறுத்திவிட்டார்கள் போலும், ஒபிசர் வென்றுவிட்டான் என்று நினைத்தேன்.

பிறகுதான் கவனித்தேன்.

தலைக்கு மேலே துணி கடல் பக்கம் பறக்கிறது. அவன் சட்டை... எங்கள் பக்கம் பறக்கிறது.

ஒரே இடம். ஒரே காற்று.

“தம்பி!” என்றேன். திரும்பவில்லை. கையை மட்டும் மெல்லத் தூக்கினான். முதலில் ஸுஹைறாவின் புது வீட்டைக் காட்டினான். பிறகு வடக்கே, சந்திப் பக்கம்.

12.41.

அந்த வீட்டில் ஹிமாயா தனியே சீமெந்துத் தூசு கூட்டிக்கொண்டிருந்தாள். எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

“மகள், வெளிய வா!”

“என்ன சாச்சி? நானும் பாத்தன். துணி கடல் பக்கம்தானே பறக்குது. கதவச் சாத்திட்டு இருக்கச் சொல்லித்தானே அவர் சொன்னவர்?”

“அவர்ர பாடத்த மறுகா படிக்கலாம். வா புள்ள!”

“சாச்சி, விடுங்க... கை நோகுது!”

விடவில்லை. இழுத்துக்கொண்டு வடக்கே ஓடினேன். என் சத்தத்துக்கு ஒழுங்கைப் பெண்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் வாயை ஒருநாளும் இவ்வளவு நம்பியதில்லை அவர்கள்.

12.49.

காற்று நின்றது.

ஒரு ஓலை அசையவில்லை... கடல் சத்தம்கூடக் குறைந்தது...

பிறகு முகத்தின் வலப் பக்கத்தில் குளிர்ந்தது.

கடல் காற்று.

திரும்பிப் பார்த்தோம்.

வெள்ளைப் புகை மதிலைத் தாண்டி... ஹிமாயா கூட்டிக்கொண்டிருந்த அறையின் ஜன்னலுக்குள்...

நுழைந்தது.

ஹிமாயா என் கையை விடவே இல்லை.

பள்ளிவாசலிலிருந்து ஓடிவந்த ஸஜாத் முகமூடி போட்டு உள்ளே போய் 1.10க்கு வால்வை மூடினான். ஸுஹைறாவின் ஆறு கோழியும் படியிலேயே செத்துக் கிடந்தன. முருங்கை இலை எல்லாம் கருகிப்போயிருந்தது. அந்த அறைக்குள் இரண்டு மூச்சு எடுத்திருந்தால் முடிந்தது என்றான்.

“அந்த நீலச் சட்டைக்காரனுக்கு ஒரு சலாம் சொல்லணும் தம்பி. ஆள் தப்பினானா?”

“எந்த ஆள் சாச்சி?”

“உள்ள நிண்ட ஆள்.”

“உள்ள ஆரும் இல்ல. கேட்டப் பூட்டினது நான்தான். சாவி இந்தா என்ட பொக்கட்டுக்குள்ள.”

வாயில் கட்டிய ஈரத் துணியைச் சொன்னேன். சட்டை பறந்த பக்கத்தைச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து ஸஜாத் வந்தான். பெக்டரியின் பழைய விபத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்திருக்கிறான், முந்திய முதலாளி காலத்தது. 1996. ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நேரம். வாயு கடல் பக்கம் போகிறது என்று ஒருவன் வாயில் ஈரத் துணி கட்டிக்கொண்டு மேற்கு மதில் ஏறிக் குதித்து, அப்பாலிருந்த வெறும் வளவில் இருந்திருக்கிறான். காற்று மாறிவிட்டது. பெயர் எழுதும் இடத்தில் ‘கூலியாள்’ என்று மட்டும் இருக்கிறதாம். உடல் கிடந்த இடத்தை மதில் மூலையிலிருந்து அளந்து எழுதியிருக்கிறார்கள்.

ஸஜாத் நாடா பிடித்து அளந்து பார்த்தான்.

ஹிமாயாவின் அறை.

வளவை விற்றவன் இதை ஸுஹைறாவிடம் சொல்லவே இல்லை. மலிவு ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் ஸஜாத்துக்கும் ஹிமாயாவுக்கும் நிக்காஹ் நடந்தது. இப்போது நிந்தவூரில் வாடகை வீடு. கொடுத்த வீடு இருக்க வாடகைக்குப் போனதை ஊர் ஒரு மாதம் மென்றது, நானும் கொஞ்சம் மென்றேன். எங்கள் பக்கம் மருமகன்தான் மாமி வீட்டுக்கு வருவான். இந்த மாமி மருமகனோடு போய்விட்டாள். வெள்ளிக்கிழமை லொறி தருகிறேன் என்றானாம் லொறிக்காரன் றாஸிக். வேண்டாம் என்று, வியாழன் பின்னேரமே கட்டிலையும் பானை சட்டியையும் லேண்ட் மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி, மஃரிபுத் தொழுகைக்கு முன்னே நிந்தவூர் போய்ச் சேர்ந்தாள் ஸுஹைறா.