கூரம் வரை ஓடியவளுக்குக் காய்ச்சிய கஞ்சி

எங்கள் வீட்டில் ஓடுகிறவள் என் மனைவி. சமைக்கிறவன் நான். ஒரு வருடமாக இப்படித்தான் போகிறது. இதில் அவளுக்கு நாலு கிலோ குறைந்தது, எனக்கு ஆறு கிலோ கூடியது. அவளுக்கென்று அவிக்கிற வேர்க்கடலையில் பாதி, வெந்துவிட்டதா என்று பார்ப்பதிலேயே என் வயிற்றுக்குள் போய்விடும். பிறகு நேராகத் தறியில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவது ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா மட்டும்தான்.

அவளுக்கு ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்ட வேண்டும். கால் வீங்குகிறது என்று டாக்டரிடம் போனாள். நடக்கச் சொன்னார். நடந்தாள். ஒரு நாள் சின்ன காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு நாய் துரத்த, ஓடினாள். கொஞ்ச தூரத்தில் நாய் அலுத்துப்போய் நின்றுவிட்டது. இவள் நிற்கவில்லை.

போன வருடம் சென்னையில் நடந்த அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாள். இருபத்தொரு கிலோமீட்டர். பதினெட்டாவது கிலோமீட்டரில் நேரம் முடிந்துவிட்டது. பின்னால் வந்த வேன் அவள் பக்கத்தில் மெதுவாக உருண்டது. "ஏறுங்கம்மா, ரோட்ட தொறக்கணும்" என்றார் டிரைவர். ஏறிவிட்டாள். பந்தயம் முடிகிற இடத்தில் நான் கையில் இளநீரோடு நின்றிருந்தேன். எல்லோரும் எதிரிலிருந்து ஓடி வந்தார்கள், அவள் மட்டும் எனக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தாள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது சொன்னாள்: "அடுத்த வருஷம் நானா ஓடி முடிக்கணும். ஒரு தடவையாவது."

அந்த நேரத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நீ ஓடு, சமையல நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். சினிமாவில் இந்த இடத்தில் பாட்டு வரும். எனக்கு மூன்றரை மணி அலாரம் வந்தது.

சமையல் எனக்குப் புதிது. மொபைலில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் என்னவோ வெளிநாட்டு விதையை ஊறவைத்துக் கொடுத்தேன். தவளை முட்டை மாதிரி இருந்தது. டம்ளரை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள், இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு நமக்குத் தெரிந்ததற்கே வந்தேன். ராத்திரிக்குக் கொள்ளு ரசமும் முருங்கைக்கீரையும், மத்தியானத்துக்கு முட்டை, ஓடிவிட்டு வந்ததும் கேழ்வரகுக் களி. களி கிண்டுவது ஓடுவதைவிடக் கஷ்டம் என்று ஒரு நாள் சொன்னேன். "அப்ப நீங்க ஓடுங்க, நான் கிண்டறேன்" என்றாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

வழியில் குடிப்பதற்குத்தான் பெரும்பாடு பட்டோம். கடையில் விற்கிற பாக்கெட் பானம் அவளுக்குக் குமட்டியது. பச்சரிசிக் கஞ்சியில் வெல்லமும் உப்பும் போட்டு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். முதல் நாள் பருக்கை தொண்டையில் சிக்கி நடுரோட்டில் இருமியிருக்கிறாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கஞ்சி வடிக்கத் தெரியாதவனா நான்? புடவைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகளான பட்டுப் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, இழை விறைப்பாக நிற்கக் கஞ்சி போடுகிறோமே, அந்தக் கஞ்சியில் ஒரு பருக்கை இருந்தாலும் இழை ஒட்டிக்கொள்ளும். அதனால் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிப்போம். மனைவியின் கஞ்சியையும் அதே துணியில், அதே போல் இரண்டு முறை வடித்தேன். வெல்லமும் வெளுத்த அச்சு வெல்லமாகப் பார்த்து வாங்கினேன். பாவுக் கஞ்சியே தோற்றுவிடும், அப்படி ஒரு பதம். அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக வந்தது.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூரம் வரை ஓடித் திரும்ப வேண்டும், ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அதை முடித்தால்தான் பந்தயத்துக்குப் போவேன் என்று அவளே வைத்துக்கொண்ட பரீட்சை. அன்றைக்குத்தான் எனக்கும் பாவு நீட்ட முறை வந்தது. ஆக, அடுப்பில் இரண்டு கஞ்சி. முந்தின நாள் முழுக்கத் தறியில் இருந்ததில் முதுகு போயிருந்தது. கண் பாதிதான் திறந்திருந்தது. வடித்தேன், ஆற்றினேன், பாட்டிலில் ஊற்றினேன், வாசலில் நின்று கையாட்டினேன். எல்லாமே தூக்கத்தில் செய்ததுதான்.

ஆறு மணிக்குப் பாவைக் கட்டினோம். மூன்று புடவைக்கான மயில்கழுத்துப் பாவு, தெருவில் பாதி நீளத்துக்கு வரும். கஞ்சியில் நனைத்த துணியால் நீவிக்கொண்டே போனேன். எதிர்ப்பக்கம் நீவி வந்த அடுத்த வீட்டு அண்ணன் நடுவில் நின்றார். விரலோடு விரலை ஒட்டிப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு நாக்கில் வைத்தார்.

"இன்னாபா இது? பாவுக்கு சீமந்தமா? வெல்லம் போட்டு வச்சிருக்க!"

"வெல்லமா?"

"உப்பு கூட கரெக்டா இருக்குது. இன்னும் ரெண்டு ஏலக்கா தட்டிப் போட்டா அமோகமா இருக்கும்."

நான் கீழே பார்த்தேன். பாவு கட்டியிருந்த குச்சியின் அடியிலிருந்து எறும்பு வரிசை கிளம்பிவிட்டது. எங்கள் தெரு எறும்புக்கு அவ்வளவு பெரிய விருந்து அதற்கு முன் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். பச்சைத்தண்ணீரில் துணி நனைத்து நாலு பேராகத் துடைத்தோம். அண்ணன் கடைசி வரை விடவில்லை. "எம் பாவுக்கு பாயசமா காய்ச்சிக் குடுபா" என்று சொல்லிக்கொண்டே துடைத்தார். பாவு பிழைத்தது. இடுப்பை நிமிர்த்தும்போதுதான் எனக்கு உறைத்தது. வெல்லக் கஞ்சி இங்கே இருக்கிறது என்றால், அவள் பாட்டிலில் இருப்பது உப்பும் இல்லாத, இனிப்பும் இல்லாத வெறும் பாவுக் கஞ்சி.

வண்டியை எடுக்க நான் திரும்புவதற்குள் தெருமுனையில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினாள். இடது கெண்டைக்காலைக் கையால் பிடித்திருந்தாள். யாரையும் பார்க்காமல் பாவுக்கு அடியில் குனிந்து, வீட்டுக்குள் போனாள்.

பின்னாலேயே போனேன். தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கூரம் தாண்டி திரும்பி வந்துக்கினு இருந்தேன். ஒரு சின்ன பாலம் இருக்குது பாருங்க, அங்க ரெண்டு காலும் இழுத்துக்கிச்சு. உக்காந்துட்டேன்" என்றாள். காலை நீவிக்கொண்டே, "நாக்கும் செத்துப்போச்சுங்க. கஞ்சி இனிக்குதா கரிக்குதான்னே தெரியல. ஒடம்பு அவ்ளோதான் போல. நாப்பத்திமூணு ஆவுதில்ல" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "போதுங்க. இனிமே நீங்களும் விடியக்காலைல எழுந்துக்க வேணாம்" என்றாள் அவள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆறரை மணி வரை தூங்கினேன். செவ்வாய்க்கிழமையும் தூங்கினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு கிடைத்த தூக்கம், நல்லதாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. எழுந்ததும் அவள் சமையலறையில் உப்புமா கிளறிக்கொண்டிருப்பாள். அந்த ஓடுகிற ஷூவை யாரோ கழுவிக் காயவைத்து அட்டைப்பெட்டியில் போட்டு மூடியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அவள்தான்.

செவ்வாய் ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். "கடைல ஒரு பொண்ணு ஓடறேன்னு கேக்குது. பந்தயத்துக்கு நான் குடுத்த பேர அதுக்கு மாத்திக் குடுத்துடலாமாம். நாளைக்கு சொல்லிடறேன்."

கையில் எடுத்த ரசம் சாதத்தைத் தட்டிலேயே போட்டேன். "குடுக்காத" என்றேன்.

"ஏன்?"

"நீ குடிச்சது பாவுக் கஞ்சி. ஒன்னோடத பாவுக்குப் போட்டுட்டேன்."

அவள் முதலில் கேட்டது, "பாவு இன்னா ஆச்சு?" என்றுதான்.

"தொடச்சிட்டோம். ஒண்ணும் ஆவல."

தட்டைத் தள்ளிவைத்தாள். அவள் முகத்தில் எனக்குக் கணக்கு ஓடுவது தெரிந்தது. பாலம், கால், நாக்கு, கடைசியாக நான்.

"ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "தூக்கம் நல்லா இருந்துச்சு" என்றேன்.

"யோவ்!" கல்யாணமான இருபது வருடத்தில் என்னை அவள் யோவ் என்றது அன்றைக்குத்தான். "எனக்கு வயசாயிடுச்சுன்னு ரெண்டு நாளா பாத்ரூம்ல அழுதுக்கினு இருக்கேன். உனக்குத் தூக்கமா?"

எழுந்து போய்விட்டாள். மறுநாள் கடைக்குப் போகும்போது அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அட்டைப்பெட்டி திறந்திருந்தது. எனக்கு மூன்றரை மணிக்கு அலாரம் வைத்தவளும் அவள்தான், என் மொபைலில், சத்தத்தை முழுக்கக் கூட்டி.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூரம். இந்த முறை என் கஞ்சியை நம்பி அவள் தனியாகக் கிளம்பவில்லை. என்னையும் மொபெட்டில் பின்னால் வரச் சொன்னாள். கிளம்புவதற்கு முன் இரண்டு பாட்டிலிலிருந்தும் ஒவ்வொரு மடக்கை என்னைக் குடிக்கவைத்துப் பார்த்தாள். வண்டியில் அந்த வேகத்தில் போவது லேசில்லை. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அவளைத் தாண்டிவிடும், விட்டால் சாய்ந்துவிடும். ஓடுகிறவள் நேராகப் போனாள், உட்கார்ந்து போகிற நான் தள்ளாடிக்கொண்டு போனேன். மாட்டை ஓட்டிப் போன ஒருத்தர் என்னைத்தான் பாவமாகப் பார்த்தார்.

கூரம் போய்த் திரும்பினோம். அந்தப் பாலம் வந்தது. அவள் வேகம் குறைந்தது. கெண்டைக்கால் துடிப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. பாட்டிலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போனேன். வாங்கினாள், ஓடியபடியே குடித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னாமா, முடியுதா?"

"பக்கத்துல வராதீங்க. வண்டி பக்கத்துல வந்தா ஏறிடுவேன். தள்ளிப் போங்க."

பிரேக்கைப் பிடித்தேன். காலை ஊன்றி நின்றேன். அவள் பாலத்தைக் கடந்து, இரண்டு பக்கமும் நாற்று நட்டிருந்த ரோட்டில் சின்னதாகிக்கொண்டே போனாள். எனக்கு முதுகு வலித்தது, கண் எரிந்தது. அவள் நிற்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. வளைவில் மறைந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

நான் தெருவுக்குள் நுழைந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. போனை ஒரு கையில் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லமா, நானே போறேன். ஆமா, நானேதான். நீ அடுத்த வருஷம் பாத்துக்கோ." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டிபன் இன்னா?"

"ஒம் பின்னாடியே வந்துக்கினு இருந்தேனே, எங்க செய்யறது?"

"சரி, போய் பத்து இட்லி வாங்கினு வாங்க. வடகறி இருந்தா அதுவும். சீக்கிரம், மயக்கமா வருது."

வண்டியில் பெட்ரோல் தீர்ந்திருந்தது. நடந்துதான் போனேன்.