பாதி இறங்கிய பிஸ்டன்

என் கணவர் அந்தச் சின்ன டிராக்டரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த சமயத்தில்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அவர் வேலை பார்த்த தோட்டத்து மானேஜர் பங்களாவில் புல் வெட்டிய டிராக்டர் அது. பங்களாவை மூடியபோது கேட்டு வாங்கிவந்தார். கோலா சிலாங்கூருக்கு வெளியே, எங்கள் வீட்டைச் சுற்றியும் கோயில் வளாகத்திலும் அதில்தான் புல் வெட்டுவார். தேய்ந்துபோன எஞ்சின் நீலப் புகை கக்க ஆரம்பித்ததும், சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனும் ரிங்கும் வாங்கி வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு வலது கை வரவில்லை. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "நாளைக்கு." தாகம் எடுத்தாலும் நாளைக்கு, கால் வலித்தாலும் நாளைக்கு.

"பழகின வேலை பக்கத்துல உக்கார வைங்க ஆண்ட்டி, பேச்சு வரும்" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். ஒரு காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, எஞ்சின் கிடந்த கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"நீங்க கையைக் காட்டுங்க. நான் மாட்டுறேன்."

இடது கையால் காட்டினார். எந்த ரிங் மேலே, எந்த ரிங் கீழே என்று நான் தூக்கித் தூக்கிக் காட்ட, தலையை ஆட்டினார். ஒருமுறை சிரிக்கவும் செய்தார். ரிங்குகளைத் தகரப் பட்டையால் இறுக்கி, பிஸ்டனைச் சிலிண்டருக்குள் அழுத்தினேன். பாதி இறங்கியிருக்கும்.

"நாளைக்கு!" என்று கத்தினார்.

கையை எடுத்தேன். "என்னங்க? ரிங்கா? எண்ணெய் பத்தலையா?"

"நாளைக்கு! நாளைக்கு!" நாற்காலியின் கையில் ஓங்கி ஓங்கி அடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒவ்வொரு சாமானாகத் தொட்டுக் காட்டினேன். எதற்கும் இல்லை என்று தலை ஆடியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்தது. துடைக்கப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் லோரியில் எஞ்சினை ஏற்றி, டவுனில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் குனிந்து பார்த்த உடனே சொல்லிவிட்டார். "தெர்பாலிக்கா, திருப்பிப் போட்டுட்டீங்களே அக்கா. பிஸ்டன் மேல அம்பு இருக்கு பாருங்க, இது அந்தப் பக்கம் திரும்பணும்."

அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் மனுஷன் அப்படித் தவித்திருக்கிறார்.

பட்டறைக்காரர் சரியாக மாட்டிக் கொடுத்தார். அவரே வீட்டுக்கு வந்து டிராக்டரில் பொருத்த, ஓட்டிப் பார்த்தோம். துளிப் புகை இல்லை. நான் உள்ளே ஓடினேன். "அம்புதான் தப்பு, இல்லையா? கண்டுபிடிச்சாச்சுங்க. சத்தம் கேக்குதா?"

சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். நாளைக்கு என்றுகூடச் சொல்லவில்லை.

இப்போது நான்தான் புல் வெட்டுகிறேன். டிராக்டரைக் கிளப்புமுன் அவர் அறை ஜன்னலைச் சாத்திவிடுவேன். திறந்து வைத்தால் பார்ப்பாரோ, அழுவாரோ, எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்க்கவும் வழியில்லை.