அக்கா பின்னால் போன தாளம்

எங்கள் அண்ணியிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. என் அண்ணன் அந்த முயற்சியைக் கல்யாணமான வருஷமே கைவிட்டுவிட்டான். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளைப் பிடித்து, சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து, அண்ணி ஒலிப்பதிவு நடத்துகிறார். கீழே காற்றடிக்கும் மோட்டார் ஓடினால் மேலே எவ்வளவு பெரிய பாடகரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். குரலையும் வாத்தியங்களையும் தனித்தனி டிராக்கில் பதியும் டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்று, அதோடு வயரில் இணைத்த தாளப்பெட்டி ஒன்று, சொத்து அவ்வளவுதான். தாளப்பெட்டியில் வாசிப்பை அமைப்பது நான். நன்றாகவே அமைப்பேன், இதில் அடக்கம் எதற்கு?

என் அக்காவுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். அக்கா அருமையாகப் பாடுவாள். ஆனால் ஹெட்ஃபோனில் 'டிக் டிக்' என்று தாளம் கொடுத்தால் போச்சு, பாட்டு செத்துவிடும். "மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு!" என்று கழற்றி வீசுவாள். "தாளத்துல நிக்கத் தெரியலைன்னு சொல்லுங்க" என்பார் அண்ணி. அப்புறம் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது.

அந்த அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, குரலுக்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அக்கா தானாகவே மாடியேறி வந்தாள். தான் சொந்தமாகக் கட்டிய ஒரே பாட்டைப் பதிந்து வைக்க வேண்டும் என்றாள். அண்ணி ஹெட்ஃபோனை எடுத்து ஓரமாக வைத்தார்.

"டிக் டிக் எல்லாம் வேணாம். உங்க இஷ்டத்துக்குப் பாடுங்க."

அக்கா பாடினாள். இன்னொரு முறை பாடத் தொண்டை இடம் கொடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து அக்கா வாய் திறக்காமல் வீட்டில் கிடந்த நாட்களில், நாங்கள் அந்தக் குரலுக்குத் தாளம் சேர்க்க உட்கார்ந்தோம். நான் ஒரே வேகத்தில் வைத்தேன். பல்லவி தப்பித்தது. சரணத்தில் அக்கா நிதானமாக வர, தாளம் தலைதெறிக்க ஓடியது.

"குரலை அங்கங்க வெட்டி, இழுத்து, தாளத்துக்குப் பொருத்திடலாம் அண்ணி."

"கையை ஒடிச்சிடுவேன்! குரல் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். மெஷின்தான் அவங்க பின்னாடி போகணும்."

அதற்கும் வழி இருந்தது. பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்தந்த இடத்தின் வேகத்தை ரெக்கார்டர் குறித்துக்கொள்ளும். தாளப்பெட்டி அதையே பின்பற்றும். நான் நாலு நாலாக எண்ண, அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். அப்புறம் ஓடவிட்டுப் பார்த்தால், அடேயப்பா! அக்கா இழுத்தால் தாளமும் இழுக்கிறது, அவள் துள்ளினால் அதுவும் துள்ளுகிறது. ஆனால் சரணம் முடிந்ததும் எல்லாம் ஒரு தட்டு முந்திக்கொண்டது. வயர் லூஸ் என்று நான் அடித்துச் சொன்னேன். அண்ணி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"வயர் நல்லாத்தான் இருக்கு. கடைசிச் சொல்லுல உங்க அக்கா ஒரு தட்டு கூட நிக்கிறாங்க. நாம நாலுன்னு எண்ணிட்டோம், அவங்க அஞ்சு பாடியிருக்காங்க."

அந்த ஓர் இடத்தை மட்டும் ஐந்து தட்டாக மாற்றியதும் மிச்சமெல்லாம் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

"தப்பில்ல தம்பி. அந்தச் சொல்லை விட்டுட்டுப் போக அவங்களுக்கு மனசு வரல" என்றார் அண்ணி. சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அக்கா வந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது வேறு யாருடைய குரலோ. தாழ்ந்து, கரகரத்துப் போயிருந்தது. பாட்டை முழுக்கக் கேட்டாள். நாங்கள் பாராட்டை எதிர்பார்த்து நின்றோம்.

"நல்லா இருக்கு. இவ போயிட்டா" என்றாள். "இப்ப இருக்கிற இந்தக் குரலை நான் எங்க கொண்டு வைக்கிறது?"

அண்ணி அசரவில்லை.

"அதான் இன்னும் ஆறு டிராக் சும்மா கெடக்கே! பதிஞ்சு வச்ச அந்தக் குரலுக்கு அடியில, கூடச் சேர்ந்து பாட கீழ் ஸ்தாயிக் குரல் ஒண்ணு வேணும்னு கேட்டுட்டு இருக்கேன், யாரு பாடுறா?"

அக்கா எழுந்து மைக் இருக்கும் உள்ளறைக்குப் போனாள்.

"மைக்கைக் கொஞ்சம் கிட்ட வை" என்றாள் அண்ணியிடம்.