பதினெட்டு என்று நான்தான் சொன்னேன்

பிறத்தியாருக்காக வாய் திறக்கிற வேலையில் நன்றி கிடையாது, பழி மட்டும் பத்திரமாக வீடு வந்து சேரும். ஊர்ச் சனத்தில் முதல் ஆளாக நாலு சொல் இத்தாலியன் படித்துத் தொலைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பலெர்மோவில் நான், பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. அந்த ஓய்விலும், வீட்டுக்காரச் சிஞ்ஞோராவிடம் கெஞ்சி வாங்கிய லீவிலும், எங்கள் ஆட்களோடு டொக்டரிடமும் கந்தோர்களுக்கும் மொழிபெயர்க்கப் போவேன். தொண்ணூறுகளில் அப்படி எத்தனையோ பேரோடு போனேன். ஒரு குடும்பத்தோடு போய்விட்டு வந்த நாட்களில் மட்டும் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்திருக்கிறேன்.

ஆருக்கு வருத்தம்?

ஒரேத்தோப் பகுதியில் இருந்த தவராசா அண்ணையின் மனைவி பவளம் அக்காவுக்கு வயிற்றுவலி. டொக்டர் ஒரு பெண். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்துத் தமிழில் கேட்டேன். அண்ணை, "இடப்பக்கம்" என்றார். எப்போது தொடங்கியது? "போன கிழமை" என்றார் அண்ணை. சாப்பிட்டால் கூடுமா? "கூடும்." அக்கா மடியில் இருந்த கறுப்புக் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தா. கையாலாவது வலிக்கிற இடத்தைக் காட்டுவா என்று பார்த்தேன், கையும் அசையவில்லை.

கடைசியில் டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அண்ணையின் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். அதை மொழிபெயர்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எப்படியோ சொல்லி முடித்தேன். அண்ணை கொஞ்சமும் கூசாமல், போன மாதம் பன்னிரண்டாம் திகதி என்று பதில் சொன்னார். டொக்டர் கேட்டது இதுதான்: "ஐயா, உங்களுக்குக் கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது?"

குதி உயர்ந்த சப்பாத்து

அடுத்த வருடம் அவர்களுடைய மகள் சுகந்தி ஏஜென்சிக்காரன் மூலம் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். தனியாக வருகிற சின்னப்பிள்ளையை விமான நிலையத்தில் மறிப்பார்கள் என்று அவன் பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தான். எனக்கு அது தெரியாது. குவெஸ்தூராவில், அதாவது வெளிநாட்டாருக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கொடுக்கிற போலீஸ் கந்தோரில், பதிய வேணும் வாங்கோ என்று அண்ணை கூப்பிட்டார். போனேன்.

பிள்ளைக்குத் தாயின் சீலை, உதட்டுச் சாயம், குதி உயர்ந்த சப்பாத்து. வரிசை நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் சப்பாத்தைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு, சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிலத்தில் பதித்திருந்த வெள்ளைக் கல்லிலிருந்து வெள்ளைக் கல்லுக்கு ஒற்றைக் காலில் கெந்தினாள். "கறுப்பிலை மிதிச்சால் அவுட், அன்ரி" என்று எனக்கு விளக்கமும் சொன்னாள். இவளுக்கு எத்தனை வயது என்று அண்ணையைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. அதிகாரி வயதைக் கேட்டார். அவள் பாடமாக்கிய பிறந்த திகதியை ஒப்புவித்தாள். கணக்குப் பார்த்துப் பதினெட்டு என்று இத்தாலியனில் சொன்னது நான்.

படி இறங்கும்போது அண்ணையை மறித்துப் பிள்ளையின் உண்மை வயதைக் கேட்டேன். பதின்மூன்று என்றார். லிபெர்த்தாவில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வேலையும் பேசியாயிற்றாம். "பள்ளிக்கூடம் போற பிள்ளையெல்லோ அண்ணை" என்றேன். அதற்குப் பிறகும் நான் ஒருவருக்கும் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். அன்று அண்ணை கோபிக்கவும் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "வயசு எண்டது பேப்பரிலை இருக்கிறதுதானே, தங்கச்சி."

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரி

ஒரு வருடம் கழித்து சுகந்தி பெரியபிள்ளையானாள். போர்கோ வெக்கியோவில் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு. எங்கள் ஆட்கள் செய்யக்கூடிய பிழை ஒன்றை அண்ணை அன்று செய்தார். ஊருக்கு அனுப்புகிற வீடியோவில் வெள்ளைக்காரி ஒருத்தி நின்றால் மதிப்பு என்று, மகள் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவையே அழைத்துவிட்டார். பேப்பரில் அந்தப் பிள்ளைக்குப் பத்தொன்பது என்பது அவருக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்ல என்னைப் போட்டார்.

ஆரத்தித் தட்டுகள் வரிசையாக மேடைக்குப் போயின. இது என்ன விழா என்று சிஞ்ஞோரா கேட்டா. பிறந்தநாள் என்று துணிந்து பொய் சொன்னேன். அவ நேரே மேடைக்கு ஏறிப் பிள்ளையின் கன்னத்தில் முத்தமிட்டு, எத்தனை வயது முடிகிறது என்று கேட்டா. சுகந்தி அவவின் குசினியில் படித்த அதே சிசிலித் தொனி இத்தாலியனில், பிறந்தநாள் இல்லை, பெரியபிள்ளையானதுக்குத்தான் கொண்டாட்டம், எனக்குப் பதினாலு என்று சந்தோஷமாகச் சொன்னாள். வீடியோக்காரன் லைட்டைச் சிஞ்ஞோராவின் முகத்துக்குத் திருப்பினான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவ கீழே வந்து என் பக்கத்தில் இருந்து, தன் கைகளைப் பார்த்தபடி சொன்னா: "என் பேத்திக்கும் பதினாலுதான், அவளுக்குத் தன் கட்டிலை விரிக்கவே நாங்கள் இன்னும் ஆள் வைத்திருக்கிறோம்."

கறுப்புக் கைப்பை

சிஞ்ஞோரா மறுநாளே சுகந்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டா. நல்லதுக்குத்தான் செய்தா. ஆனால் வேலை இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க ஏலாது. அண்ணை அதற்கும் வழி கண்டுபிடித்தார். கத்தானியா நகரில் வதிவிடப் பேப்பர் உள்ள ஒருவர், முப்பத்திரண்டு வயது, சுகந்தியின் படத்தைப் பார்த்துச் சம்மதித்துவிட்டார். கொமூனேயில், நகரசபைக் கந்தோரில், கலியாணம் பதிய நான் வர வேணுமாம். வரமாட்டேன் என்றேன். வேறு ஆளைப் பிடிப்பேன் என்றார். வேறு ஆள் போனால் ஒரு சொல்லும் தடக்காமல் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்து நானே போனேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கலியாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை, "பிள்ளைக்குப் பத்தொன்பது எண்டெல்லோ எனக்குச் சொன்னவை" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். பேப்பர்களைத் திருத்த வக்கீலோடு ஒன்றரை வருடம் அலைந்தோம். குவெஸ்தூராவில் என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள், விசாரிக்கத்தான் வேணும். அதற்கிடையில் சுகந்தி தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருந்து படித்தாள்.

கலியாணம் பதியப் போன அன்று, கொமூனேயில் இருந்த பெண் அதிகாரி, சுகந்தியைப் பார்த்து, உன் சொந்த விருப்பத்தோடுதான் வந்தாயா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். பின் கதிரையில் இருந்த பவளம் அக்கா எழும்பினா. கைப்பையைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் விரித்தா. மகள் பிறந்த நாளிலிருந்து அதை அந்தப் பையிலேயே வைத்திருந்தாவாம். டொக்டரிடம் போன அன்றும் அது அவவின் மடியில்தான் இருந்திருக்கிறது.

அண்ணை என்னைப் பார்த்து, "பவளத்துக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி" என்றார். நான் சொல்லவில்லை. அதிகாரிக்குத் தாளில் இருந்த எழுத்து விளங்கவில்லை, திகதி இலக்கம் மட்டும் விளங்கியது. இந்தத் திகதி சரிதானா, நிச்சயமா என்று அக்காவையே கேட்டார். சுகந்தி அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னாள், தாயின் பதிலை அதிகாரிக்கு இத்தாலியனில் சொன்னாள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பவளம் அக்கா புருஷனைப் பார்க்காமல், அதிகாரியைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "பெத்தது நான், நாளும் எனக்குத்தான் தெரியும்."

பதினெட்டு என்பதை ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்த்த நான்தான், அன்று அந்த அறையில் ஒருவருக்கும் தேவைப்படாத ஒரே ஆள்.