மைக்செட்டும் சோப்பு டப்பா அளவுப் பெட்டியும்

காய்கறி மண்டியில் ஏலம் விடுகிற அவருக்கு ஊர் வைத்த பெயர் மைக்செட். அவர் “ஒரு தரம்!” என்றால் தெருமுனையில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். “மெல்லப் பேசுங்க, காது கிழியுது” என்று முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவர் மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்தத் தொண்டையிலா கட்டி வரவேண்டும்! நாளைக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதற்குள் நாலு வார்த்தை பதிந்து போனில் ஏற்றிவைத்தால், பிறகு பட்டனைத் தொட்டால் பேசும் என்றார் டாக்டர். கரகரப்பு ஏறியிருந்தாலும் குரல் இன்னும் அவருடையதுதான்.

வீட்டிலிருந்தே ஆன்லைன் பாடம் பதிகிற மகள், குரல் பதிகிற தன் பெட்டியைக் கொண்டுவந்தாள். சோப்பு டப்பா அளவுதான். அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர், மைக்குக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று.

“இதுக்குள்ள உங்கப்பா எப்படிடி அடங்குவாரு?” என்றாள் அம்மா. மகள் சொன்னபடி அவளே ஜன்னலைச் சாத்தினாள், ஃபேனை நிறுத்தினாள், உறுமல் கேட்கக் கூடாதென்று ஃப்ரிட்ஜையும் அணைத்தாள்.

மைக்செட் நெஞ்சை நிமிர்த்தி ஒரு சத்தம் போட்டார். பெட்டியில் விளக்கு சிவந்தது.

“அப்பா, மண்டியில கத்துற மாதிரி கத்தாதீங்க. சத்தம் பிஞ்சுபோகுது” என்று மகள் குமிழைத் திருகினாள்.

அவ்வளவுதான், மனுஷன் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிட்டார். “எனக்குத் தண்ணீர் வேண்டும். நான் நலமாக இருக்கிறேன்.” பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அம்மாடியோ! அவர் உதடு பிரிவது கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் மூச்சு நடுங்கி உள்ளே போவது கேட்டது. பயந்துபோயிருக்கிறார்! முப்பது வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்தும் அவள் கேட்காததை இந்தத் துளியூண்டு பெட்டி கேட்டுவிட்டது.

ஒருவழியாக முடித்து, அவர் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஒரே இருட்டு.

“ஏய், எவடி ஃப்ரிட்ஜை அணைச்சது? பால் கெட்டுப்போனா உங்கப்பாவா வந்து கறந்து குடுப்பாரு?”

மகள் இன்னும் பதிவை நிறுத்தவில்லை. அதையும் ஒரு பட்டனாக்கிவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். போன் மரியாதையாகத் தண்ணீர் கேட்டது. யாரோ விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் அவளும் கொடுத்தாள். வீட்டின் அமைதி அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து, “ஏய், எவடி ஃப்ரிட்ஜை அணைச்சது?”

“ஐயோ, நான் இல்லீங்க!” என்று துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பினால், போனைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னொரு தடவை போடுங்க” என்றாள். “நல்லா சத்தமா வைங்க.”