சட்டைப் பையில் ஒரு செட்டு

எங்கள் பக்கம் உடம்பு வலிக்கு மருந்து வாங்கும் விதமே தனி. மருந்துக்கடையில் போய் "இடுப்பு வலிங்க, ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். மூன்று நான்கு அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, காகிதத்தில் மடித்துத் தருவார்கள். எது என்ன மாத்திரை என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வலி போனால் சரி.

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். போன வருடம் நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை வேளை தவறாமல் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். இடுப்பு வலிக்கு அவராகவே செட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை கழிப்பறையிலிருந்து வந்தவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. சில நாளாகவே வெளிக்குத் தார் போலக் கறுப்பாகப் போகிறது என்று அப்போதுதான் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "நெஞ்சு மாத்தர மட்டுந்தானுங்க" என்று கூசாமல் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். அவர் சட்டையை மடிக்கும்போது பையிலிருந்து பொட்டலம் விழுந்தது. டாக்டரிடம் நீட்டினேன். ஒரே வலி மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து கலந்திருக்கும், நெஞ்சு மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், இன்னும் தாமதித்திருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்றார்.

ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"அது நெஞ்சுக்கு, இது இடுப்புக்கு. ஒண்ணு சேலம் பஸ்ஸு, ஒண்ணு மோகனூர் பஸ்ஸு. ரெண்டுக்கும் என்ன சண்டைன்னு இருந்துட்டேன் அம்மிணி."

"ரெண்டும் ஒரே பஸ் ஸ்டேண்டுலதானுங்க நிக்கோணும்!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

இப்போது தேறி மறுபடி வேலைக்குப் போகிறார். வலிக்கு டாக்டர் எழுதித் தருவது மட்டும்தான், மற்றபடி வெந்நீர் ஒத்தடம். செட்டு கொடுத்த கடையில் போய்ச் சண்டை போட்டேன். தெருவுக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிற ஊரில் எத்தனை கடையில் சண்டை போடுவது?

சாயங்காலமானால் என் காது வாசலில்தான் இருக்கும். செருப்பைக் கழற்றக் குனியும்போது "அம்மாடி" என்று அவர் முனகினால் எனக்கு உயிர் வரும். வலிக்கிறது, அப்படியென்றால் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. புருஷனுக்கு வலிக்கட்டும் என்று வேண்டுகிற பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்று அவர் சுலபமாகக் குனிந்து செருப்பைக் கழற்றினார். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காபி கேட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் கழற்றி மாட்டிய சட்டையைத் தேடிப் போனேன்.